அம்மா தலை மேல சத்தியம்: ரோவிலில் ஒரு சனிக்கிழமை

"அப்பா, ஐ ஸ்வேர் ஐ டிட்ன்ட் ஸ்வேர்!"

எட்டு வயது மகன் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கையில் பள்ளியிலிருந்து வந்த குறிப்பு இருந்தது. மதிய இடைவேளையில் விளையாடும்போது இன்னொரு பையனைப் பார்த்து 'எஃப்' எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லைச் சொன்னான் என்று ஆசிரியை இரண்டே வரியில் எழுதியிருந்தார். வீட்டில் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

நான் பேசவில்லை. எங்கள் வீட்டில் என்னிடம் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். "அம்மா தலை மேல கை வச்சு சத்தியம் பண்ணு" என்றேன். சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாவை அவன் ஒரு தரம் பார்த்தான். பிறகு போய்க் கையை வைத்து, "சத்தியமா சொல்லல" என்றான். எனக்கு நிம்மதி. ஆசிரியை யாரையோ யாரோ என்று நினைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

சனிக்கிழமை காலையில் என் மனைவிக்கு நல்ல காய்ச்சல். மெல்பர்னில் ஜூலை மாதம் ஃப்ளூ வராத வீடு குறைவு, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாத்திரை வாங்க ஸ்டட் பார்க் கடைத்தொகுதிக்குக் கிளம்பினேன். வழக்கமாக ஐபேடை விட்டு அசையாதவன், கூப்பிடாமலே ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ரோவிலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மெல்பர்ன் நகரின் தென்கிழக்கில், நாக்ஸ் நகரசபைக்குள் வரும் ஊர். சுமார் 33 ஆயிரம் பேர் இருக்கிறோம். 1882-ல் இங்கே ஸ்டாம்ஃபோர்ட் பார்க் என்ற மாளிகையைக் கட்டிய ரோ குடும்பத்தின் பெயர்தான் ஊருக்கு வந்தது. ஊரின் நடுவே ஓடும் ஸ்டட் ரோடுக்குப் பெயர் வந்தது குதிரைகளால். டான்டனாங் பக்கம் போலீஸ் குதிரைகளை வளர்த்த பண்ணைக்குப் போகிற வழி அது. கிழக்கே போனால் சர்ச்சில் தேசியப் பூங்கா, லிஸ்டர்ஃபீல்ட் ஏரி. கங்காருவைப் பார்க்க ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நாங்கள் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான்.

ரயில் மட்டும் கிடையாது. 1969-ல் போட்ட போக்குவரத்துத் திட்டத்திலேயே ரோவிலுக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேச்சு வந்தது, போனது. பாதை வரவில்லை. மாஸ்டர்ஸ் படிக்க வந்த காலத்தில் மோனாஷ் கிளேட்டன் வளாகத்துக்கு நான் போனது 900-ம் நம்பர் பஸ்ஸில். இன்றும் ஸ்டட் பார்க்கிலிருந்து அதே பஸ்தான். வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தால் ஏதாவது ஆகிவிடும் என்றிருந்தால், எங்கள் ஊர் ரயிலுக்காக இதுவரை பல பேருக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும்.

இதை நான் அன்றைக்கு வேடிக்கையாக நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். பக்கத்தில் வந்தவனுக்கு அது வேடிக்கையாக இல்லை என்பது ஸ்டட் ரோடு சிக்னலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

"அப்பா, பொய்ச் சத்தியம் பண்ணா நெஜமாவே செத்துப் போயிடுவாங்களா?"

நான் குனிந்து பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. "யாருடா?" என்றேன். பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்தான். ராத்திரி பூரா அவன் தூங்கவில்லை என்பது அப்புறம் தெரிந்தது. இரண்டு தரம் எழுந்து போய் அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்திருக்கிறான். காலையில் அவளுக்குக் காய்ச்சல் என்றதும் கணக்கு சரியாகிவிட்டது. பொய் சொன்னேன், தலையில் கை வைத்தேன், அம்மா சாகப் போகிறாள்.

"நான் சொன்னேன்ப்பா அந்த வேர்ட. சாரி. நீங்க மீட்டிங்ல சொல்வீங்கல்ல, அதான்."

பச்சை விளக்கு வந்து, போய், மறுபடி சிவப்பு வந்துவிட்டது. நாங்கள் அதே இடத்தில்தான் நின்றோம்.

அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் என்னை நன்றாகத் தாக்கியது. நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ராத்திரி புதுக் கோடைப் போட்டு சர்வர் விழுந்தால் என் வாயில் வருவது அந்த ஆங்கிலச் சொல்தான். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒன்றும் ஆவதில்லை. அது வெறும் சத்தம், மேசையில் ஒரு தட்டு தட்டுவது போல. அதற்குச் சமமான தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. அதை இந்த முப்பத்தேழு வயதிலும் வாய் திறந்து சொன்னதில்லை. நினைத்தாலே மதுரையில் அப்பா பின்னால் நிற்பது போலக் கழுத்து கூசுகிறது.

இது என் ஒருவன் கதை இல்லை. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்களை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. விரலில் மின்முனை மாட்டி, சொற்களைக் கேட்கும்போது தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்தார்கள். சின்ன வயதில் பெற்றோர் அதட்டுகிற சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது உடம்பு அதிகமாகப் பதறியது. அதையே ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்வளவு இல்லை. பின்னால் கற்ற மொழியின் வசவு காதில் விழுகிறது, வயிற்றில் விழுவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழ். அவர்கள் சிநேகிதம் பிடிப்பது, சண்டை போடுவது, அவமானப்படுவது எல்லாம் ஆங்கிலத்தில். அந்தச் சொல் அவர்களுக்குச் சுடுகிற சொல். நான் சத்தமாக நினைத்ததை அவன் ஆயுதமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். 'அம்மா தலை மேல சத்தியம்' என்பதோ எனக்கு வெறும் பேச்சு வழக்கு. நாளைக்கு நாலு தரம் சொல்லி வளர்ந்தவன் நான். அவனுக்கு அது வழக்கு இல்லை. அகராதியில் இருப்பது போல அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆக, எனக்குக் கனமில்லாத இரண்டு சொல் அவன் தலையில் பாறாங்கல்லாக விழுந்திருக்கிறது.

மாத்திரை வாங்கினோம். ஒரு ஹாட் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் எதனால் வருகிறது, வைரஸ் என்றால் என்ன என்று விளக்கினேன். தலையாட்டினான். நம்பவில்லை. அறிவியல் ஒரு பக்கம், கை வைத்தது ஒரு பக்கம். பேச்சை மாற்றத்தான் அந்த இத்தாலியர்களின் கதையை எடுத்தேன்.

கடைகளும் வீடுகளுமாக இருக்கிற இதே ரோவிலில், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் ஒரு போர்க்கைதி முகாம் இருந்தது. இருந்தவர்கள் இத்தாலியர்கள். வட ஆப்பிரிக்கச் சண்டையில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டவர்களில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பல பேர் முதலில் நம்ம ஊர்ப் பக்கம், பெங்களூர் முகாமில் எல்லாம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். 1943-லேயே இத்தாலி சரணடைந்துவிட்டது. 1945-ல் போரும் முடிந்துவிட்டது. கைதிகளை உடனே ஊருக்கு அனுப்பக் கப்பல் இல்லை. 1946 மார்ச்சில் ரோவில் முகாமில் இருந்த ரொடோல்ஃபோ பார்ட்டோலி என்ற கைதியை முகாமின் பொறுப்பதிகாரியே சுட்டார். அவர் இறந்துபோனார். டேரன் ஆர்னாட் என்பவர் அந்த முகாமைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பெயர், 'நோ ரிகார்ட் ஃபார் த ட்ரூத்'. உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் என்று பொருள்.

"சுட்டவர் ஸ்வேர் பண்ணாரா?" என்று கேட்டான் மகன்.

எந்த ஸ்வேர் என்று எனக்கே குழப்பம். விசாரணை என்றால் சத்தியம் செய்துதான் பேச வேண்டும் என்றேன். "அப்போ கோர்ட்ல ஸ்வேர் பண்ணா ஓகே, ஸ்கூல்ல ஸ்வேர் பண்ணா நாட் ஓகே. ஏன் ரெண்டுக்கும் ஒரே வேர்ட்?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அதற்கு முன்னால், திரும்பும் வழியில், எங்கள் தெருவில் இருக்கிற இத்தாலியத் தாத்தாவிடம் நின்றோம்.

அவர் கலாப்ரியாக்காரர். 1960-களில் கப்பலில் வந்து இறங்கியவர். பிப்ரவரியில் தக்காளி சாஸ் காய்ச்சினால் எங்களுக்கு நாலு பாட்டில் வரும், எங்கள் வீட்டு முருங்கைக்கீரை சாம்பார் அங்கே போகும். விக்டோரியா ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் இத்தாலியன்தான் இரண்டாம் மொழி. என் மகன் பள்ளியிலும் அதுதான். அதனால் அவன் அவரை நோன்னோ என்றுதான் கூப்பிடுவான், தாத்தா என்று அர்த்தம். வாசல் கேட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் போன நேரம் சுத்தியல் விரலில் பட்டது. "போர்கோ ட்ஸீயோ!" என்று கத்தினார்.

மகன் அழுகையை மறந்து நிமிர்ந்தான். வகுப்பில் படித்திருக்கிறானே. 'போர்கோ' பன்றி, 'ட்ஸீயோ' மாமா. "பன்னி மாமாவா?"

தாத்தா சிரித்துவிட்டார். அது உண்மையில் மாமாவைத் திட்டுவதில்லை. கடவுளுக்கு இத்தாலியனில் 'தீயோ'. கடவுள் பெயரோடு பன்றியைச் சேர்த்துச் சொல்வது அங்கே பெரும் பாவம். வாய் அதை நோக்கித்தான் போகும், கடைசி நொடியில் ஓர் எழுத்தை மாற்றி மாமாவில் போய் விழும். நாமும் இதில் கெட்டிக்காரர்கள்தான். எங்கள் அப்பத்தா கோபத்தில் 'நாசமாப் போறவனே' என்று தொடங்கி, பேரன் முகத்தைப் பார்த்ததும் 'நாசமத்துப் போறவனே' என்று முடிக்கும். நாசம் அற்றுப் போகட்டும், அதாவது ஒரு கேடும் வராமல் இரு. திட்டும் ஆச்சு, ஆசீர்வாதமும் ஆச்சு.

தாத்தாவிடம் கேட்டதும் பிறகு படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். இத்தாலியர்கள் இதற்கெல்லாம் தனித்தனி டப்பா வைத்திருக்கிறார்கள். சத்தியம் செய்வது 'ஜுராரே'. கெட்ட வார்த்தை 'பரோலாச்சா'. சாபம் கொடுப்பது 'மாலெதீரே'. கடவுளையோ மாதாவையோ இழிவாகப் பேசுவது 'பெஸ்தெம்மியா'. கடைசி டப்பாவுக்குத்தான் பயம். அது இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 724-வது பிரிவில் இருக்கிறது. 1999-ல் குற்றம் என்ற நிலையிலிருந்து இறக்கி, வெறும் அபராதம் என்று ஆக்கினார்கள், 51 யூரோவிலிருந்து 309 யூரோ வரை. 2010-லிருந்து கால்பந்து மைதானத்தில் சொன்னாலும் தண்டனை உண்டு. அம்மா இதற்கு மட்டும்தான் அடிப்பாள், மற்ற வார்த்தைக்கெல்லாம் முறைப்போடு சரி என்றார் தாத்தா.

நமக்கு இந்தக் கடைசி டப்பாவே சரியாகப் புரியாது. சுந்தரர் சிவபெருமானைப் பித்தன் என்று அழைத்துத்தான் பாடத் தொடங்கினார். அதைத் தேவாரம் என்று கும்பிடுகிறோம். காளமேகப் புலவர் ஏசுவது போலவே சாமியைப் புகழ்ந்தார், அதற்கு நிந்தாஸ்துதி என்று இலக்கணப் பெயரே வைத்தோம். சாமியைத் திட்டலாம், சாமி நம்ம ஆள். அம்மாவைத்தான் திட்டக்கூடாது. தமிழ்க் கெட்ட வார்த்தைகளில் பாதி ஏன் அம்மாவைச் சுற்றி வருகின்றன என்று யோசித்தால், எது புனிதமோ அதன் மேல்தான் எந்த மொழியும் சேற்றை அடிக்கிறது என்று தோன்றுகிறது.

மகனின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'ஸ்வேர்' என்பதற்கு ஆதியில் ஒரே பொருள்தான், சத்தியம் செய்வது. 'ஆன்சர்' என்ற சொல்லுக்குள்ளேயும் அதே வேர் இருக்கிறது. ஒருவன் சத்தியம் செய்து குற்றம் சாட்டினால், எதிராளி எதிர்ச் சத்தியம் செய்வதுதான் பதில். அந்தக் காலத்தில் சத்தியம் என்றால் கடவுள் பெயரில். சும்மா சும்மா கடவுள் பெயரை இழுத்தால் அது பாவம். அப்படித் தேவையில்லாமல் செய்கிற சத்தியமே கெட்ட பேச்சு ஆனது. 1606-ல் இங்கிலாந்தில் நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்று சட்டமே போட்டார்கள். நடிகர்கள் சொல்லைச் சிதைத்துத் தப்பித்தார்கள். இங்கே வயசான ஆஸ்திரேலியர்கள் சொல்லும் 'ஸ்ட்ரூத்' என்பது 'கடவுளின் உண்மை' தேய்ந்தது. 'கிரைக்கி' என்பது கிறிஸ்துவின் பெயர் உருமாறியது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது 'பிளைமி' என்ற சொல். ஆங்கிலப் படங்களில் ஆச்சரியத்துக்குச் சொல்வார்களே, அது. அதன் முழு வடிவம், 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்'. மதுரையில் கோலி விளையாடும்போது நாங்கள் சொன்னது நினைவிருக்கிறது: "பொய்யின்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்!" லண்டன் தெருவும் மதுரைத் தெருவும் ஒரே சத்தியத்தைத்தான் செய்திருக்கின்றன.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சத்தியம் என்பது தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சாபம். புறநானூற்றின் 72-வது பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று. இது சபதமா, சாபமா? இரண்டும்தான். ஊரில் சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணுவதும், பிள்ளையைப் போட்டுத் தாண்டுகிறேன் என்பதும் அதேதான். எங்கள் யாழ்ப்பாண நண்பர் வீட்டில் 'அம்மாவாணை' என்பார்கள். இத்தாலியர்கள் 'பிள்ளைகள் தலை மேல் சத்தியம்' என்பார்கள், சொல்லுக்குச் சொல் நம்மைப் போலவே. ஆங்கிலம் ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருப்பது வறுமையால் இல்லை. இரண்டும் ஒரே கத்தியின் இரண்டு முனை என்பதை அந்த மொழி மறக்காமல் வைத்திருக்கிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. பாண்டியன் தன் மானத்தைப் பணயம் வைத்தான். லண்டன்காரன் தன் கண்ணை வைத்தான். நான் என் பையனை அவனுடைய அம்மாவைப் பணயம் வைக்கச் சொன்னேன். எதற்கு? இரண்டு வரிக் குறிப்புக்கு.

தாத்தாவுக்கு முழுக் கதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேம்பினோ, இங்கே வா" என்று அவன் கையைப் பிடித்து இரும்பு கேட்டின் மேல் வைத்தார், தன் கையையும் வைத்தார். கெட்டது வராமல் இருக்க இத்தாலியர்கள் இரும்பைத் தொடுவார்கள். ஆங்கிலேயர்கள் மரத்தைத் தொடுவது போல. பையனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாதிதான்.

மீதிப் பாதி மதுரையிலிருந்து வந்தது. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டேன். மருமகளுக்குக் காய்ச்சல் என்று விசாரித்துக்கொண்டிருந்தவரிடம், மகன் திடீரென்று குறுக்கே வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அம்மா என்னைத்தான் பார்த்தார். "ஏண்டா, படிச்சவன்தானே நீ? பச்சப் புள்ளகிட்டப் போயி பெத்தவ தல மேல சத்தியம் வாங்குவியா?"

"நீங்க வாங்கலையாம்மா எங்கிட்ட?"

"வாங்குனேன். நீ என்னத்தப் பண்ண? அரைப்பரீட்ச மார்க்கு சீட்ட ஒளிச்சு வச்சுக்கிட்டு, இன்னும் குடுக்கலன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணல? அப்பா சட்டப்பையில காசு எடுத்தது? சினிமாவுக்குப் போனது? ஒண்ணா ரெண்டா?" பிறகு பேரனிடம், "இங்க பாரு கண்ணு. உங்கப்பன் என் தலைல பண்ண பொய்ச் சத்தியத்துக்கு நான் நூறு தடவ செத்துருக்கணும். எனக்கு எழுபது ஆகப் போகுது. காலைல நாலு இட்லி தின்னேன். பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

மகன் திரையை உற்றுப் பார்த்தான். நான் சொன்ன வைரஸ் விளக்கம் செய்யாததை அந்த நாலு இட்லி செய்துவிட்டது. "அப்பா பேட் வேர்ட் சொன்னாரா பாட்டி சின்ன வயசுல?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

வைக்கும் முன் அம்மா ஒரு தண்டனையும் சொன்னார். "பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஆளுக்கு மூணு தோப்புக்கரணம் போடுங்க. பொய்க்கு அவன் மூணு, சத்தியம் வாங்கினதுக்கு நீ மூணு." மனைவிக்குக் காய்ச்சல் விட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, த பேசின் மலையடிவாரத்தில் இருக்கிற வக்ரதுண்ட விநாயகர் கோயிலில் நின்று, இருவரும் காதைப் பிடித்துக்கொண்டு போட்டோம். எனக்கு மூட்டு வலித்தது. அவன் சத்தமாக எண்ணினான்.

திங்கட்கிழமை ஆசிரியைக்குப் பதில் எழுதினேன். அவன் அந்தச் சொல்லைச் சொன்னது உண்மை, முதலில் மறுத்தான், பிறகு தானாகவே ஒத்துக்கொண்டான், சொல்லைக் கற்றுக்கொண்ட இடம் எங்கள் வீடு. கடைசி வாக்கியத்தை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த நாட்டில் வசவை எந்த இடத்தில் வைப்பது என்பதே நம்மைப் போல வந்தவர்களுக்குக் குழப்பம்தான். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது விக்டோரியாவின் 1966-ம் வருடச் சட்டப்படி குற்றம். 2011-ல் போலீஸ் அந்த இடத்திலேயே சுமார் 240 டாலர் அபராதம் எழுதலாம் என்று ஆக்கினார்கள். இதே நாட்டின் சுற்றுலாத் துறைதான் 2006-ல் 'பிளடி' என்ற சொல்லை வைத்து உலகம் பூரா விளம்பரம் செய்தது, பிரிட்டன் தொலைக்காட்சியில் அதற்குத் தடையே வந்தது. ஒரு விஷயத்துக்கு ஆமாம் என்று அழுத்திச் சொல்ல ஆஸ்திரேலியர்கள் 'பிளடி ஓத்' என்கிறார்கள். வசவும் சத்தியமும் இரண்டே சொல்லில். நம்ம ஊர் 'சத்தியமா!' மாதிரிதான், கொஞ்சம் காரம் கூட.

நாங்கள் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய நாள் எனக்கு இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. 1994-லிருந்து அந்த உறுதிமொழிக்கு இரண்டு வடிவம் உண்டு, ஒன்றில் கடவுள் இருப்பார், மற்றதில் இருக்க மாட்டார். எது வேண்டுமோ அதைச் சொல்லலாம். தமிழ்நாட்டிலும் அப்படித்தான். கடவுள் மேல் ஆணையிட்டும் பதவி ஏற்கலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் ஏற்கலாம். 2021-ல் ஸ்டாலின் அப்படித்தான் ஏற்றார். இரண்டிலும் யார் தலையும் பணயத்தில் இல்லை. சொல்கிறவனின் சொல் மட்டும்தான்.

எங்கள் வீட்டிலும் இப்போது அந்த முறைதான். யார் தலை மேலும் சத்தியம் கிடையாது. "நெஜமாவா?" என்று ஒரு தரம் கேட்பேன். சொல்வதை எடுத்துக்கொள்வேன். சில நாள் ஏமாறுகிறேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஏமாறுவது, ராத்திரி எழுந்து அம்மா மூச்சைப் பார்க்கிற பிள்ளையை வைத்திருப்பதை விடத் தேவலாம். 'எஃப்' வார்த்தைக்கு நான் ஒரு டாலர், அவன் இருபது சென்ட் என்று உண்டியல் வைத்தோம். முதல் மாதம் நான் பதினொரு டாலர் போட்டேன்.

மாற்றுச் சொல் நோன்னோ கொடுத்தார், 'காவொலோ'. முட்டைக்கோஸ் என்று அர்த்தம். அங்கே நாகரிகமானவர்கள் கெட்ட வார்த்தைக்குப் பதில் காய்கறியைத் திட்டுவார்களாம். போன வாரம் வெலிங்டன் ரோடு சந்திப்பில் ஒருவர் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே திரும்பினார். நான் பிரேக்கை மிதித்து வாயைத் திறந்தேன். அதற்குள் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கோஸு! கோஸுன்னு சொல்லுங்க!"

சொன்னேன்.